பைக் மைலேஜ் குறைஞ்சிடுச்சா? காரணம் இ-20 பெட்ரோலா, காத்தில்லாத டயரா? ஆலங்காயம் – ஆம்பூர் ரூட்டில் ஒரு கணக்கு

"முன்னாடி 100 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டா ஒரு நாள் ஓடும், இப்போ சாயங்காலமே ரிசர்வ் விழுது." பெட்ரோல் பங்க், டீக்கடை, மெக்கானிக் ஷாப் என்று எங்கே நின்றாலும் கேட்கிற புலம்பல் இது. கையோடு காரணத்தையும் சொல்லிவிடுவார்கள்: "எத்தனால் கலக்குறாங்கல்ல, அதான்."

அது உண்மையா? பாதி உண்மை. மீதிப் பாதி நம்ம வண்டியிலேயே இருக்கிறது. அந்த மீதியைச் சரிசெய்யப் பெரிய செலவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம், ரெண்டு ஸ்பேனர், கொஞ்சம் ஆயில் இருந்தால் போதும்.

திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயத்தை எடுத்துக்கொள்வோம். ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி. மேலே ஏறினால் காவலூர் வானாய்வகம், கீழே இறங்கினால் வாணியம்பாடி. அங்கிருந்து சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஆம்பூர். இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து தோல், ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. கம்பெனி வேன், பஸ் எல்லாம் இருந்தாலும், ஓவர்டைம் முடித்துவிட்டு நேரங்கெட்ட நேரத்தில் வீடு திரும்ப பைக்தான் கைகொடுக்கும். பெரும்பாலும் 100 அல்லது 110 சிசி வண்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கியதும் உண்டு.

அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு 50% வரி போட்டபோது அதில் நேரடியாக அடிபட்ட தொழில்களில் தோலும் காலணியும் உண்டு. ஆர்டர் ஆடும்போது முதலில் போவது ஓவர்டைம். ஓவர்டைம் போனால் பெட்ரோல் காசு கண்ணை உறுத்தும். அதனால் இதை ஆர்வத்துக்காகச் செய்யும் 'பைக் டிப்ஸ்' என்று ஒதுக்கிவிட முடியாது. மாதச் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும் என்கிற விஷயம் இது.

எத்தனால் என்ன பண்ணுது?

2023 பிப்ரவரி 6-ம் தேதி பெங்களூருவில் இ-20 பெட்ரோலைப் பிரதமர் அறிமுகப்படுத்தினார். 20% எத்தனால், 80% பெட்ரோல். முதலில் சில பங்க்குகளில் மட்டும் இருந்தது, 2025-ல் நாடு முழுக்கப் பரவியது. 2030-க்கு வைத்திருந்த இலக்கை ஐந்து வருஷம் முன்னாடியே எட்டிவிட்டோம் என்கிறது அரசு.

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான். அப்படியென்றால் சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ-20-ல் சுமார் 7% சக்தி குறைவு. ஏற்கெனவே நாம் போட்டுக்கொண்டிருந்த 10% கலப்போடு ஒப்பிட்டால் சுமார் 3.5% குறைவு. இது வேதியியல். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

அரசின் ஆவணமே இதைச் சொல்கிறது. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையில், பழைய வடிவமைப்பில் வந்து 10% கலப்புக்கு டியூன் செய்யப்பட்ட டூவீலர்களில் இ-20 போட்டால் 3 முதல் 4% வரை மைலேஜ் குறையும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். சக்தி குறைவதால் விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்கிற யோசனையும் அதே அறிக்கையில் இருந்தது. விலை குறையவில்லை. எத்தனால் கொள்முதல் விலையே இப்போது பெட்ரோலைவிட அதிகம், 2025 ஜூலை நிலவரப்படி சராசரியாக லிட்டருக்கு 71.32 ரூபாய் ஆகிறது என்று பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. மைலேஜ் ரொம்பக் குறைகிறது என்று சொல்வது சரியல்ல என்பதும் அமைச்சகத்தின் வாதம். சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்கள், கேஸ்கட் போன்றவற்றைச் சீக்கிரம் மாற்ற வேண்டிவரலாம் என்று அதே விளக்கத்தில் ஒப்புக்கொள்ளவும் செய்தது.

எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும், பங்க்கில் கலப்பு அளவை எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுப் போட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஆக, 2015-ல் வாங்கிய வண்டியானாலும் 2025-ல் வாங்கிய வண்டியானாலும் சாதாரண பம்ப்பில் வருவது ஒரே எண்ணெய்தான்.

பழைய வண்டிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பெட்ரோல் முழுசாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இ-20-க்குச் சுமார் 13.5. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சொல்ல, பெட்ரோல் அளவு தானாகவே கொஞ்சம் கூடும். அதற்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர். அதன் ஜெட் ஓட்டை மாறாது. அதனால் கலவையில் காற்று விகிதம் அதிகமாகி, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஆக்ஸிலேட்டரைத் திருப்பினால் ஒரு நொடி தடுமாறும், மேட்டில் இழுக்காது. ஆலங்காயத்திலிருந்து காவலூர் பக்கம் மலை ஏறுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

சரி, எவ்வளவு ரூபாய்?

போக வர ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,820 கிலோமீட்டர். வண்டி 60 கொடுத்தால் 30 லிட்டருக்குக் கொஞ்சம் கூட. லிட்டர் 101 ரூபாய் என்றால் சுமார் 3,060 ரூபாய்.

இ-20-ஆல் 4% குறைந்தால் கூடுதல் செலவு மாதம் சுமார் 130 ரூபாய். டயரில் காத்தில்லாமல், செயின் காய்ந்துபோய், பிரேக் உரசிக்கொண்டே ஓடி 10% குறைந்தால் கூடுதல் செலவு சுமார் 340 ரூபாய். ரெண்டும் சேர்ந்தால் 480 ரூபாய் பக்கம் வரும்.

130 ரூபாய்க்கு நியாயம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அது நம் கையில் இல்லை. அந்த 340 ரூபாய் நம் கையில்தான் இருக்கிறது.

முதல்ல டயர்

வீட்டில் செய்யும் வேலைகளில் காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான், நாம் அதிகம் மறப்பதும் இதுதான். பஞ்சர் கடையில் "அண்ணே, காத்து பாருங்க" என்றால் பல கடைகளில் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு "இருக்குது தம்பி" என்பார்கள். விரலுக்கு 28-க்கும் 20-க்கும் வித்தியாசம் தெரியாது. கையடக்கமான பிரஷர் கேஜ் ஒன்றை வாங்கி வண்டிப் பெட்டியில் போட்டு வையுங்கள். சில மாதங்களில் போட்ட காசு திரும்பி வந்துவிடும்.

பல 100 சிசி வண்டிகளில் முன் டயர் 25, பின் டயர் 28 பிஎஸ்ஐ பக்கம் இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு இன்னும் வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். ரெண்டு பேராக வேலைக்குப் போகிற வண்டியில் தனி ஆள் அளவுக்குக் காத்தடித்து ஓட்டுவது நம் பக்கம் சர்வசாதாரணம். மைலேஜும் போகும், டயரும் ஓரத்தில் தேயும்.

காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் சூடாவதற்குள் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஓடிவிட்டுப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். நைட்ரஜன் போடணுமா என்றால், சாதாரண காற்றிலேயே முக்கால்வாசிக்கு மேல் நைட்ரஜன்தான் இருக்கிறது. அந்தக் காசை மிச்சம் பண்ணலாம்.

செயின்: எண்ணெய் மட்டும் போதாது

செயின் கவர் முழுசாக மூடியிருக்கும் வண்டியில் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. கவரில் ரப்பர் மூடி ஒன்று இருக்கும். அதைக் கழற்றி, செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலான 100 முதல் 125 சிசி வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கலாம். அதைவிடத் தொங்கினால் இழுவையில் வெட்டும். ரொம்ப டைட்டாக இருந்தால் இன்னும் மோசம். இன்ஜின் சக்தி வீணாகும், பேரிங்கும் போகும். சத்தம் வருதே என்று செயினை முறுக்கி வைப்பது தப்பான வைத்தியம்.

பின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். ஒரு இடத்தில் தொய்வு, இன்னொரு இடத்தில் இறுக்கம் என்றால் செயினும் பல்சக்கரமும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அதை அட்ஜஸ்ட் பண்ணி ஓட்ட முடியாது, செட்டாகத்தான் மாற்ற வேண்டும்.

சுத்தம் செய்ய, டீசல் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, காய்ந்ததும் 90 நம்பர் கியர் ஆயிலையோ செயின் ஸ்பிரேயையோ உள்பக்கமாக விடுங்கள். அரை மணி நேரம் விட்டு வழிவதைத் துடைத்துவிடுங்கள். வழிய வழிய விட்டால் மலை ரோட்டுப் புழுதியெல்லாம் ஒட்டி உப்புத்தாள் மாதிரி செயினைத் தேய்க்கும்.

ஒரு எச்சரிக்கை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை ஆன் செய்து, கியரில் விட்டு, ஓடுகிற செயினில் துணியைப் பிடிக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. துணி சிக்கினால் விரலும் சேர்ந்து பல்சக்கரத்துக்குள் போகும். தோல் வெட்டுவதும், அப்பர் தைப்பதும் விரலை நம்பிய வேலை. இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையாலேயே சுற்றுங்கள்.

கையோடு கையாக இன்னொன்றும் பார்த்துவிடலாம். பின் சக்கரத்தை வேகமாகச் சுழற்றி விடுங்கள். சில சுற்று ஓடி மெதுவாக நிற்க வேண்டும். விட்டவுடனே 'சர்ர்' என்று நின்றால் டிரம் பிரேக் உரசுகிறது. பிரேக் கம்பி முனையில் இருக்கும் நட்டை அரை சுற்று, அரை சுற்றாகத் தளர்த்திப் பாருங்கள். பெடலில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் சரி. அதற்கு மேல் தளர்த்தக் கூடாது. மைலேஜுக்காகப் பிரேக்கை விட்டுக்கொடுக்கிற வேலை வேண்டாம்.

ஏர் ஃபில்டரைக் கழுவலாமா?

இங்கேதான் யூடியூப் வீடியோக்கள் குழப்பிவிடுகின்றன. ஃபில்டர் ரெண்டு வகை. ஸ்பாஞ்ச் வகை என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் முழுசாகக் காயவிட்டு, கொஞ்சம் ஆயில் தடவி மீண்டும் அழுத்திப் பிழிந்து மாட்டலாம். பேப்பர் வகை என்றால் தண்ணீர் படவே கூடாது. அதிலும் எண்ணெய்ப் பசையோடு வரும் பேப்பர் ஃபில்டரை ஏர் அடித்துக்கூட சுத்தம் செய்யக் கூடாது. புழுதி உள்ளே போய் அடைந்துவிடும், இல்லாவிட்டால் பேப்பர் கிழியும். புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்கு மாற்றிவிட வேண்டியதுதான். புழுதி ரோட்டில் தினமும் ஓடுகிற வண்டி என்றால் இன்னும் முன்னாடியே.

"ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினா பிக்கப் சூப்பரா இருக்கும்" என்பார்கள். கொஞ்ச நாள் இருக்கும். அதற்குப் பிறகு உள்ளே போன மண் பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும், வண்டி புகை தள்ள ஆரம்பிக்கும். இன்ஜின் வேலை என்றால் பல ஆயிரம். மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு ஒரே நாளில் போய்விடும்.

பிளக் விஷயத்தில் வேலை குறைவுதான். இன்ஜின் ஆறிய பிறகு கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பு நிறத்தில் இருந்தால் நலம். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று அதிகம், பழைய கார்புரேட்டர் வண்டியில் இ-20 போட்டு ஓட்டும்போது இதைக் கவனிக்க வேண்டும். அப்படி இருந்தால் டியூன் செய்ய மெக்கானிக்கிடம் காட்டுங்கள். திருப்பி மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். ஸ்பேனரால் கோணலாக முறுக்கி மரை போனால் ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

100 ரூபாய்க்கு மட்டும் போடுவதில் ஒரு சிக்கல்

எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் மீதி இடமெல்லாம் காற்று. மழைக்காலத்தில் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும்போது அந்தக் காற்றில் இருக்கும் ஈரம் டேங்க் சுவரில் நீர்த்துளியாகப் படியும். சாதாரணப் பெட்ரோலில் அந்தத் தண்ணீர் தனியாக அடியில் நிற்கும். இ-20-ல் எத்தனால் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒரு அளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். வண்டி முதலில் இழுப்பது அந்த அடித் தண்ணீரைத்தான். மழை பெய்த மறுநாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தினக் கூலியில் டேங்க்கை நிரப்புங்கள் என்று சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். முடிந்தவரை ரிசர்வுக்கு விடாமல் பாதி டேங்க் அளவில் வைத்திருங்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரையாவது. டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மாற்றுங்கள், செலவு சொற்பம். ஊருக்குப் போய்விட்டு வாரக்கணக்கில் வண்டியைப் போட்டு வைப்பதாக இருந்தால் கூரைக்குக் கீழே நிறுத்துங்கள்.

கார்புரேட்டர் வண்டி என்றால் அடியில் ஒரு வடிகட்டும் திருகு இருக்கும். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். அடியில் முட்டை முட்டையாகத் தண்ணீர் நின்றால் தெரிந்துவிடும். இன்ஜின் ஆறிய பிறகு, வெட்டவெளியில் மட்டும் செய்யுங்கள். பீடி, சிகரெட், பக்கத்தில் எரியும் அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. அப்படியே பெட்ரோல் டியூபையும் மடக்கிப் பாருங்கள். விறைத்திருந்தால், வெடிப்பு இருந்தால், உப்பியிருந்தால் உடனே மாற்றுங்கள். மைலேஜைவிட முக்கியம் அது, கசிந்தால் தீப்பிடிக்கும்.

தமிழ்நாட்டு உதாரணம் ஒன்று: பக்கத்து மாவட்டத்தில் ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ், 2019 ஜூலையிலேயே முழுக்க எத்தனாலில் ஓடும் அப்பாச்சி பைக்கை அறிமுகம் செய்தது. அதற்கேற்ற மாதிரி செய்தால் எத்தனாலில் வண்டி நன்றாகவே ஓடும். அதற்காகச் செய்யப்படாத வண்டிகள் ரோட்டில் கோடிக்கணக்கில் இருக்கின்றன என்பதுதான் பிரச்சினை.

எதெல்லாம் வேண்டாம்?

சைலன்சர் மாற்றுவது. சத்தம் கூடுவதை சக்தி கூடியதாக மனசு நினைக்கும், அவ்வளவுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், சத்தம் மற்றும் மாசு விதிகளை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமும் 3 மாதம் வரை சிறையும் உண்டு. விதிக்குப் புறம்பாக வண்டியை மாற்றியமைத்தால் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று தனிப் பிரிவும் இருக்கிறது. ரெண்டு மாதப் பெட்ரோல் காசு ஒரே செக்போஸ்ட்டில் போகும்.

பெட்ரோல் டியூபில் மாட்டும் காந்தம், டேங்க்கில் போடும் மாத்திரை, இதெல்லாம் காசுக்குப் பிடித்த கேடு. 100 சிசி வண்டிக்கு உயர் ஆக்டேன் பெட்ரோலும் தேவையில்லை. ஆக்டேன் கூடினால் பலன் தரும் அளவுக்கு அந்த இன்ஜினில் அழுத்தம் கிடையாது. இன்ஜின் ஆயிலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' என்ற குறியீடும், புத்தகத்தில் சொன்ன கிரேடும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிளட்ச் லீவர் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கட்டும். ஆட்டமே இல்லாவிட்டால் கிளட்ச் பாதி அமுங்கியே இருக்கும், பெட்ரோல் எரியும், வண்டி நகராது.

ஓட்டுகிற விதமும் இருக்கிறது. வாணியம்பாடி தாண்டி நெடுஞ்சாலை ஏறியதும் 80-ல் பறப்பவர்கள் உண்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடும். 50-ல் இருப்பதைவிட 80-ல் அது இரண்டரை மடங்கு. வாணியம்பாடி – ஆம்பூர் தூரத்துக்கு மிச்சமாகும் நேரம் பத்து நிமிஷத்துக்கும் குறைவு.

இதையெல்லாம் செய்த பிறகு மைலேஜ் கூடியதா என்று பார்க்க, டேங்க்கை ஒரே பங்க்கில் மூடிக்குக் கீழே ஒரே அளவுக்கு நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 200 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு மறுபடி அதே அளவுக்கு நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ். வேலைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. வண்டி மீட்டரில் காட்டுவதையும், 100 ரூபாய்க் கணக்கையும் நம்ப வேண்டாம்.

ஆயிலை நீங்களே மாற்றுகிறவராக இருந்தால், கழிவு ஆயிலைக் கொல்லையிலோ சாக்கடையிலோ ஊற்றிவிடாதீர்கள். தோல் கழிவால் பாலாறு கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்ற தீர்ப்பு வந்த மண் இது. பழைய ஆயிலை ஒரு கேனில் பிடித்து, கழிவு ஆயில் சேகரிக்கும் மெக்கானிக் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.